வெங்காய விலையை இறக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மே 2025

மத்திய அரசில் உட்கார்ந்து வெங்காயத்துக்குத் தடையும் வரியும் போட்டு, பிறகு எடுத்து, மறுபடி போடும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும் வணக்கம்.

இன்றைக்கு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இல்லை. குறைந்தபட்ச ஏற்றுமதி விலை என்ற கட்டும் இல்லை. மிச்சமிருந்த 20 சதவீத வரியையும் ஏப்ரல் 1-ஆம் தேதியோடு எடுத்துவிட்டீர்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது இந்த ஆள் எதற்கு மடல் எழுதுகிறான் என்று தோன்றலாம். இப்போது விட்டால் முடியாது. விலை ஏறிவிட்டால் உங்களுக்கு டிவி செய்திக்குப் பதில் சொல்லவே பொழுது சரியாக இருக்கும். விலை விழுந்துவிட்டால் எனக்குக் கடிதம் எழுதுகிற மனசு இருக்காது.

நான் திருப்பூர் மாவட்டத்தில், பொங்கலூர் பக்கம் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து சின்ன வெங்காயம்தான். உங்களில் பலர் அதைச் சமைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். டெல்லியில் சாலட்டுக்கு நறுக்கி வைக்கிற பெரிய வெங்காயத்துக்கு இது சொந்தக்காரன், அவ்வளவுதான். நாங்கள் சாம்பாரில் முழுசாகப் போடுவோம், பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்வோம். கேரளாவில் இது இல்லாமல் அடுப்பு எரியாது. பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல், எங்கள் பல்லடம் வட்டாரம் என்று விளைகிற காய், தமிழ்நாடு, கேரளா போக இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறுகிறது. டெல்லி, லக்னோ, பாட்னா சமையலறைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

வைகாசிப் பட்டத்தில் நட்டால் ஆவணி வாக்கில் பிடுங்கலாம். எழுபது நாள் பயிர் என்று கணக்கு, மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். பிடுங்கின அன்றைக்கே விற்றாக வேண்டும் என்பதில்லை. விலை சரியில்லை என்றால் பட்டறை போட்டுவிடுவோம். தரையில் கல் அடுக்கி, அதன் மேல் மூங்கில் தப்பை பரப்பி, இரண்டு பக்கமும் வலை கட்டி, காற்று புகுந்து வெளியே போகிற மாதிரி நீளமாக ஒரு திண்ணை. அதில் வெங்காயத்தைத் தாளோடு, அதாவது காய்ந்த இலையோடு கொட்டி, மேலே தென்னங்கீற்றும் தார்ப்பாயும். ஈரம் தட்டினால் அழுகிவிடும், சாயங்காலம் மேகம் கூடினாலே எழுந்து போய்த் தார்ப்பாயைப் பார்க்க வேண்டும். காய் நாளுக்கு நாள் எடை இழக்கும். நூறு கிலோ போட்டால் மூன்று மாதம் கழித்து நூறு கிலோ எடுக்க முடியாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் 'இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா' என்று கணக்குப் போடுவோம்.

2023 ஆகஸ்ட் 19 ஒரு சனிக்கிழமை. என் பட்டறையில் அந்த வருடத்து வைகாசிக் காய் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வியாபாரி வந்து, தப்பையை விலக்கி, உள்ளே கை விட்டு நடுக்காயை எடுத்துப் பார்த்து, கிலோ 55 என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தாள் அறுக்க ஆள் வரச் சொல்லியிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, 44-க்குன்னா ஏத்திக்கிறேன்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்கின சரக்கை அவர் எங்கே கொண்டுபோய்த் தள்ளுவார்? மழை தூறவில்லை, நோய் விழவில்லை, வெள்ளிக்கிழமை இருந்த அதே காய் அதே பட்டறையில்தான் இருந்தது. இரண்டு நாளில் கிலோவுக்கு 11 ரூபாய் போய்விட்டது. தாள் அறுக்க வர வேண்டிய பெண்கள் நாளைக் கூலி போய்விடுமோ என்று வாசலில் நின்றார்கள். 44-க்குக் கொடுத்தேன்.

வரியை வெளிநாட்டுக்காரன்தானே கட்டுகிறான் என்று எங்கள் ஊரிலேயே படித்த பையன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன். கொழும்பில் இருப்பவர் கிலோவுக்கு 70 ரூபாய் வரை கொடுப்பார் என்று வையுங்கள். அதற்கு மேல் போனால் அவர் பாகிஸ்தான் காயை வாங்கிக்கொள்வார். வரி இல்லாதபோது அந்த 70-ம் இந்தப் பக்கம் வருகிறது. 40 சதவீத வரி வந்ததும் 50 ரூபாய் இந்தப் பக்கம், 20 ரூபாய் உங்கள் பக்கம். அந்த 50-லிருந்து லாரி வாடகை, சாக்கு, கமிஷன் எல்லாம் போய், கடைசியில் இருப்பது நான். அப்புறம், ஏற்றுமதிக்கு 50 என்றால் உள்ளூர் மண்டியில் மட்டும் எவன் 70 கொடுப்பான்? கப்பல் ஏறாத காய்க்கும் சேர்த்து விலை இறங்குகிறது. நீங்கள் வேண்டியதும் அதுதான். அதை வரி என்று சொல்லாமல், உழுகிறவனிடம் பிடித்து உண்கிறவனுக்குக் கொடுக்கிறோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் இந்த மடலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

ஒரு தடவை நடந்தது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வீட்டில் பழைய காலண்டர் அட்டையின் பின்னால் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். 2019 செப்டம்பர் 13-இல் டன்னுக்கு 850 டாலருக்குக் கீழ் ஏற்றுமதி கூடாது என்றீர்கள். பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 29-இல் எதுவுமே போகக் கூடாது என்றீர்கள். 2020 மார்ச் 15-இல் திறந்தீர்கள். அதே வருடம் செப்டம்பர் 14-இல் மூடினீர்கள். 2021 ஜனவரி 1-இல் திறந்தீர்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீதம், அக்டோபர் 28-இல் டன்னுக்கு 800 டாலர், டிசம்பர் 8-இலிருந்து முழுத் தடை. அந்தத் தடை 2024 மார்ச் 31 வரை என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அதை நம்பி ஏப்ரலுக்குக் காய் வைத்திருந்தவர்கள் உண்டு. மார்ச் 22-இல், மறு உத்தரவு வரும் வரை என்று நீட்டினீர்கள். 2024 மே 4-இல், மகாராஷ்டிராவில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில், 550 டாலர் அடி விலையும் 40 சதவீத வரியும் வைத்துத் திறந்தீர்கள். செப்டம்பர் 13-இல், அதே மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அடி விலையை எடுத்து வரியைப் பாதியாக்கினீர்கள். இந்த ஏப்ரலில் மீதியையும் எடுத்தீர்கள். அட்டையில் இடம் தீர்ந்துபோனது.

இவ்வளவு தேதிகளில் மழைக்கால அட்டவணையை விடத் தேர்தல் அட்டவணைதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் பயம் புரியாமல் இல்லை. 1998-இல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியைக் கவிழ்த்ததில் வெங்காயத்துக்குப் பங்கு உண்டு என்பது உங்கள் ஆபீஸ் சுவருக்கே தெரியும். ஆனால் 2024-இல் நாசிக் வெங்காய பூமியான திண்டோரித் தொகுதியில் மத்திய இணை அமைச்சராக இருந்தவரே தோற்றுப்போனார். வாங்குகிறவன் கோபமும் வாக்குப் பெட்டிக்குத்தான் போகிறது, விளைவிக்கிறவன் கோபமும் அங்கேதான் போகிறது.

2020-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வருடம் நான் உங்களை நம்பினேன். ஜூன் 5-ஆம் தேதி அவசரச் சட்டம் போட்டு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்திலிருந்து வெங்காயத்தையும் உருளையையும் பருப்பையும் விடுவித்தீர்கள். 1955-ஆம் வருடத்துச் சட்டம், என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போட்ட பூட்டு. அசாதாரணமான நேரத்தில் தவிர இருப்புக்கு வரம்பு இல்லை என்றீர்கள். டீக்கடையில் அதை வாசித்துக் காட்டி நான் ஒரு பிரசங்கமே செய்தேன். செப்டம்பர் மாதக் கடைசியில் அது முறையான சட்டமும் ஆனது. அது ஆவதற்கு இரண்டு வாரம் முன்பே ஏற்றுமதியை மூடியிருந்தீர்கள். ஆன பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 23-இல் மொத்த வியாபாரி 25 டன்னுக்கு மேல் வைக்கக் கூடாது, சில்லறைக் கடை 2 டன்னுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. சட்டத்தின் மை காயவில்லை. பிறகு அந்தச் சட்டம் மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு சேர்ந்து விவசாயிகள் போராட்டத்தில் அடிபட்டு, 2021 நவம்பரில் வாபஸ் ஆனது வேறு கதை. வாபஸ் ஆகாமல் இருந்திருந்தாலும் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அந்த அக்டோபரிலேயே தெரிந்துபோனது. டீக்கடையில் இன்னமும் கிண்டல் செய்கிறார்கள்.

பதுக்கல் என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். விலை ஏறினால் அமைச்சர் முதலில் சொல்வது 'பதுக்கல்காரர்கள் மீது கடும் நடவடிக்கை'. என் பட்டறைக்கு வந்து பாருங்கள். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற பதுக்கல் அது. நாசிக் பக்கம் பங்குனி, சித்திரையில் பிடுங்குகிற காய்தான் நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு. அதை யாராவது எடுத்து வைத்திருந்து, ஆவணியிலும் புரட்டாசியிலும் விற்றால்தான் புதுக்காய் வரும்வரை ஊர் சாப்பிட முடியும். வைத்திருப்பவன் அழுகலையும் எடை இழப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, மலிந்த மாதத்துக் காயைப் பஞ்சமான மாதத்துக்குச் சுமந்து வருகிறான். அவனுக்குக் கூலி, பின்னால் ஏறுகிற விலை. அந்தக் கூலியை நீங்கள் பிடுங்கினால் அடுத்த சித்திரையில் அவன் எதற்கு வைத்திருப்பான்? எல்லோரும் பிடுங்கின வேகத்தில் தள்ளிவிடுவார்கள், சித்திரையில் தெருவில் கொட்டுகிற விலை, ஐப்பசியில் கண்ணைக் கரிக்கிற விலை. பிறகு, பார்த்தீர்களா சந்தையை நம்ப முடியாது என்று நீங்களே சொல்வீர்கள்.

விலை ஏறுவதை ஒரு நோய் மாதிரிப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு அது தபால். மகாராஷ்டிராவில் மழை கெடுத்துவிட்டது, காய் குறைவு, இருப்பவன் கொஞ்சம் நிறுத்தி விற்கவும், நிலம் சும்மா இருப்பவன் நடவும், வாங்குகிறவன் இரண்டு நாளைக்குக் குறைத்துக்கொள்ளவும் என்று ஒரே எண்ணில் எல்லோருக்கும் எழுதின தபால். எந்த ஆபீஸும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியாது. அதை நடுவழியில் பிரித்து, எண்ணைத் திருத்தி, ஒட்டி அனுப்புகிறீர்கள். வாங்கிப் படிக்கிறவன் தப்பாகத்தானே நடுவான்?

2019 கடைசியில் விலை எக்கச்சக்கமாக ஏறியது, உண்மை. பெரிய வெங்காயம் நூறைத் தாண்டிப் போனது. அரசே எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வாங்கிக் கப்பலில் இறக்கியது. எங்கள் பக்கத்துச் சந்தைக்கும் அந்த எகிப்து வெங்காயம் வந்தது. கருஞ்சிவப்பில், கை நிறைய ஒன்று. என் வீட்டுக்காரி ஒன்றை வாங்கி வந்து நறுக்கி, மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல வாசனையே வரலீங்க" என்று ஓரமாக வைத்துவிட்டாள். சரக்கு வந்து சேருவதற்குள் உள்ளூர் அறுவடையும் வந்துவிட்டது. கேட்ட மாநிலங்கள் வேண்டாம் என்று பின்வாங்கின. 2020 ஜனவரி நடுவில் உணவுத் துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வானே கணக்குச் சொன்னார். வந்தது 18,000 டன், விற்றது 2,000 டன், அதையும் கிலோ 22 ரூபாய்க்குத் தள்ள வேண்டியிருந்தது. வாங்கின விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தனியார் வியாபாரி ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால் அவன் வீடு ஏலத்துக்கு வந்திருக்கும், அடுத்த தடவை யோசிப்பான். இங்கே யார் வீடும் ஏலத்துக்கு வரவில்லை. வெளியிலிருந்து காய் இறங்கிக்கொண்டிருந்த அந்த ஜனவரியிலும் எங்கள் காய் வெளியே போகத் தடை இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விலை விழும்போது என்ன நடக்கிறது? 2018 கடைசியில் நாசிக் மாவட்டத்து விவசாயி ஒருவர் 750 கிலோ விற்றுக் கிடைத்த 1,064 ரூபாயை மணியார்டரில் பிரதமருக்கு அனுப்பினார். மணியார்டர் செலவும் அவர் கைக்காசுதான். 2023 பிப்ரவரியில் சோலாப்பூர் பக்கத்து விவசாயிக்கு 512 கிலோவுக்கு, செலவெல்லாம் கழித்து, 2 ரூபாய்க்குச் செக் கொடுத்தார்கள். பேப்பரில் வந்தது, நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த 2 ரூபாய்ச் செக்குக்குப் பிறகு ஆறே மாதத்தில்தான் 40 சதவீத வரி வந்தது. விழுகிறபோது முழு உயரத்திலிருந்தும் விழ விடுகிறீர்கள், ஏறுகிறபோது முழங்கால் உயரத்தில் கயிறு கட்டுகிறீர்கள். 2018-இல், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓஇசிடி அமைப்பு நம் நாட்டு விவசாயக் கொள்கைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2000-க்குப் பிந்தைய சுமார் பதினாறு வருடங்களில் இந்திய விவசாயி, மானியம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தும், மொத்த வரவில் வருடத்துக்கு 14 சதவீதம் அளவுக்கு இழந்திருக்கிறான் என்று அதில் இருக்கிறது. உரத்துக்கும் கரண்டுக்கும் கொடுத்ததைக் காட்டிலும் தடையாலும் வரம்பாலும் எடுத்துக்கொண்டது அதிகம் என்று அதற்கு அர்த்தம்.

வாங்கிச் சாப்பிடுகிற ஏழையை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் காட்டில் தாள் அறுக்கிற பெண்கள் சந்தைக்குப் போய் வெங்காயமும் வாங்குகிறார்கள், கால் கிலோ வாங்குகிற இடத்தில் நூறு கிராம் வாங்கின காலமும் உண்டு. அவர்களுக்கு உதவ வேண்டும் என்றால் உங்கள் கஜானாவிலிருந்து உதவுங்கள். ரேஷன் அட்டை இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, இரண்டு மாதம் கஷ்டம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பணமாகப் போடுங்கள். ஏழைக்குக் கொடுப்பது நாட்டின் பொறுப்பு என்றால் அந்தச் செலவை நாடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளட்டும். நான்கு ஏக்கர்க்காரன் மட்டும் ஏன் தர வேண்டும்? தடை போட்டால் பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூடச் செலவு காட்ட வேண்டியதில்லை என்பதுதான் அதன் வசதி. எங்கள் பட்டறையில் அது செலவாகத்தான் விழுகிறது. அதோடு, அந்த மலிவு விலையில் நட்சத்திர ஓட்டல்காரரும் வாங்குகிறார்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வாதம் இல்லை. 1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராக வந்தார். யுத்த காலத்திலிருந்து அரிசிக்கு ரேஷன், கட்டாயக் கொள்முதல், நெல் மூட்டையை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகத் தடை என்று பல கட்டு. ஜூன் மாதமே அவர் அதை அவிழ்த்தார். பஞ்சம் வரும், பதுக்குவார்கள், விலை கூரையைப் பிய்க்கும் என்று டெல்லியிலேயே பலர் பயந்தார்கள். மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் மட்டும் துணைக்கு நின்றார். பஞ்சம் வரவில்லை. இரண்டே வருடத்தில் கித்வாய் நாடு முழுக்கவும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். பின்னாளில் ராஜாஜி பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்று பேர் வைத்துச் சாடினபோது, அவருக்குச் சொந்த அனுபவம் இருந்தது. அவருடைய கல்விக் கொள்கையில் எங்கள் வீட்டில் யாருக்கும் உடன்பாடு இல்லை, அப்பாவுக்கு அவர் பெயரைச் சொன்னாலே ஆகாது. ஆனால் அரிசி விஷயத்தில் அந்தக் கிழவர் சரி என்று அப்பாவும் ஒப்புக்கொள்வார்.

வெங்காயத்துக்கென்றே ஒருவர் இருந்தார். சரத் ஜோஷி. சுவிட்சர்லாந்தில் ஐ.நா. அமைப்பு ஒன்றின் வேலையை விட்டுவிட்டு வந்து, புனே பக்கத்தில் சாகண் அருகே நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். 1978-இல் ஏற்றுமதித் தடையால் சாகண் சந்தையில் வெங்காயம் சீப்பட்டபோதுதான் அவருடைய போராட்டம் தொடங்கியது. ஷேத்காரி சங்கடனா என்ற அமைப்பு அதில்தான் பிறந்தது. பிச்சை வேண்டாம், வியர்வைக்கு விலை வேண்டும் என்பது அவர்கள் முழக்கம். மற்ற சங்கங்கள் மானியம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்று கேட்ட தலைவர் அவர். 2015-இல் இறந்துபோனார். அவர் தெருவில் இறங்கின தடைக்கும் 2023 டிசம்பர் தடைக்கும் நடுவில் 45 வருடம். நாட்டில் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம் என்று 1991-ஐக் கொண்டாடுகிறோம். ஏற்றுமதியைத் தடுக்கும் அதிகாரத்தை உங்கள் கையில் கொடுக்கிற அந்நிய வர்த்தகச் சட்டம் 1992-இல் வந்தது.

இப்போது சின்ன வெங்காயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் உத்தரவில் வெங்காயம் என்றால் எல்லா வெங்காயமும்தான். டெல்லியில் பெரிய வெங்காயம் விலை ஏறினால் பெரம்பலூரில் சின்ன வெங்காயம் தேங்குகிறது. அதைத் தடுத்ததால் டெல்லியில் ஒரு பைசா இறங்கியிருக்குமா? அதனால் சுங்கத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று எங்கள் பக்கம் மனு மேல் மனு. நானும் ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். இன்று கேட்டால் போட மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

2023 செப்டம்பர் கடைசியில் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும் வரி இல்லை என்றீர்கள். கர்நாடகத் தோட்டக்கலை ஆணையர் சான்று கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. 2024 ஏப்ரலில் முழுத் தடை இருக்கும்போதே, குஜராத்து வெள்ளை வெங்காயம் 2,000 டன் போகலாம் என்றீர்கள். மகாராஷ்டிராவில் கொதித்தார்கள். இரண்டே நாளில் வங்கதேசம், இலங்கை, பூட்டான், பஹ்ரைன், மொரீஷியஸ், ஐக்கிய அரபு அமீரகம் என்று ஆறு நாட்டுக்கு 99,150 டன் அனுமதி உண்டு என்று அறிக்கை வந்தது. அந்த 150 டன்னை யார் எப்படிக் கணக்குப் போட்டார்களோ, எனக்கு அது ஒரு ஆச்சரியம். ஒவ்வொரு விலக்குக்கும் பின்னால் ஒரு மனு, ஒரு எம்.பி., ஒரு சான்றிதழ், சான்றிதழுக்கு ஒரு கவுண்டர். டெல்லியில் ஆள் இருக்கிற காய் கப்பல் ஏறும், ஆள் இல்லாத காய் பட்டறையில் கிடக்கும். சின்ன வெங்காயத்துக்கு ஒரு கதவு திறந்துவிட்டால், நாளைக்கு நானும் அந்தக் கவுண்டரில் நிற்கிற ஆளாக ஆகிவிடுவேன். எல்லோருக்கும் திறப்பதைத் தவிர வேறு எதையும் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை.

வாங்குகிற நாட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2019 அக்டோபரில் டெல்லிக்கு வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, நீங்கள் ஏன் வெங்காயத்தை நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை, சமையல்காரரிடம் வெங்காயம் போடாதே என்று சொல்லிவிட்டேன், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மேடையிலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். சபையும் சிரித்தது. பிறகு அவர்கள் மியான்மர், எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், சீனா என்று போனார்கள். வாடிக்கைக்காரர் ஒரு தடவை வேறு கடைக்குப் போய்ப் பழகிவிட்டால் திரும்ப வர எவ்வளவு நாளாகும் என்று மளிகைக்கடை வைத்திருப்பவர் யாரையாவது கேளுங்கள்.

என்னைப் பற்றி ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். என் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். தமிழ்நாட்டில் 1990-இலிருந்து விவசாயிகள் எல்லோருக்கும் அப்படித்தான். சந்தை, சந்தை என்று பேசுகிறவன் ஓசிக் கரண்டில் தண்ணீர் இறைக்கிறாயே என்று என் மகனே கேட்கிறான். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கரண்ட் இலவசமாக இருப்பதால்தான் ஊரெல்லாம் போர் போட்டு, அப்பா காலத்துக் கிணறு இப்போது வெறும் பள்ளமாகக் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். என் வெங்காயத்தை நான் கேட்ட விலைக்கு, வாங்குகிறவன் இருக்கிற ஊரில் விற்க விடுங்கள், கரண்டுக்கு மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னால் எங்கள் சங்கத்துக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். அவர்கள் வெங்காயத்துக்கும் ஆதார விலை கேட்கிறார்கள். விலை ஏறும்போது அரசு பிடுங்கக் கூடாது, ஆனால் இறங்கும்போது கொடுக்க வேண்டும் என்பது எனக்கு ஒத்துவரவில்லை. கொடுக்கிற கைக்குப் பிடுங்கவும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏற்றுமதியைத் தடுக்கும் பட்டியலிலும், இருப்புக்கு வரம்பு போடும் சட்டத்திலும் வெங்காயம் இருக்கக் கூடாது. ஓர் அறிவிக்கையில் எடுத்து மறு அறிவிக்கையில் போட முடியாதபடி, நாடாளுமன்றத்தில் வைத்து எடுங்கள். அது உடனே முடியாது என்றால், ஒரே ஒரு நாகரிகம் கேட்கிறேன். மண்ணில் நட்டுவிட்ட பயிருக்கும், பட்டறையில் ஏறிவிட்ட காய்க்கும், கையெழுத்தாகிவிட்ட ஏற்றுமதி ஒப்பந்தத்துக்கும் புது உத்தரவு செல்லாது என்று எழுதிக் கொடுங்கள். என்ன போடுவதானாலும் அடுத்த பட்டத்துக்கு முன்பாகச் சொல்லுங்கள், நடுவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம்.

வைகாசி பிறந்துவிட்டது. நாசிக் பக்கத்து லாசல்கான் வெங்காயச் சந்தையில் விலை இறங்கித்தான் கிடக்கிறது, ஆகவே இந்த மாதம் உங்களுக்கு வெங்காயத்தைப் பற்றி ஃபைல் எதுவும் வந்திருக்காது. எங்கள் வீட்டில் விதை வெங்காயத்தைப் புடைத்து, பொடியும் அழுகலும் பொறுக்கி, மூட்டை கட்டி வைத்தாகிவிட்டது. நான்கு ஏக்கருக்கும் விதை இருக்கிறது. இரண்டு ஏக்கருக்கு மட்டும் பாத்தி கட்டச் சொல்லியிருக்கிறேன். மீதி இரண்டு ஏக்கரில் சோளம் விதைத்தால் மாட்டுக்காவது ஆகும் என்கிறாள் வீட்டுக்காரி. விதை வெங்காயத்தை இன்னும் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் தாங்காது.

இப்படிக்கு,
பொங்கலூர் பக்கத்து வெங்காய விவசாயி ஒருவன்